ஆறாவது இசிஜியும் நார்மல். ஆனாலும் தூக்கம் வரவில்லை

தக்கலைக்காரன் | ஞாயிறு, இரவு 11.48

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 37. தக்கலைப் பக்கம் டைல்ஸ் கடை வைத்திருக்கிறேன். சிகரெட் இல்லை, குடி இல்லை, சுகர் இல்லை. போன சித்திரையில் அக்காள் வீட்டுக்காரர் இறந்துபோனார். 44 வயது. காலையில் ரப்பர் ஷீட்டை வெயிலில் போட்டுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர், கட்டன் சாயா கேட்டிருக்கிறார். அக்கா சாயாவோடு வரும்போது ஆள் இல்லை. முந்தின ராத்திரி என்னிடம் போனில் பேசினார். "நெஞ்சு எரியுதுடே, மீன்கறியில காந்தாரி மொளகு கூடிப்போச்சு" என்றார். "இஞ்சியைத் தட்டிப் போட்டுக் குடியுங்க அத்தான்" என்று சொன்னவன் நான்.

பதினாறாம் நாள் அடியந்திரத்துக்குப் பந்தலில் நிற்கும்போது எனக்கு இடது மார்பில் ஒரு குத்தல். அன்றைக்கே இசிஜி எடுத்தேன். நார்மல். இரண்டு மாதம் நன்றாக இருந்தேன். அப்புறம் ஒரு நாள் ராத்திரி இடது பக்கம் சரிந்து படுத்தபோது நெஞ்சு ஒரு துடிப்பை விட்டுவிட்டுத் துடித்தது. மறுநாள் இரண்டாவது இசிஜி, கூடவே எக்கோ என்கிற இதய ஸ்கேன். நிம்மதி மூன்று வாரம் நின்றது. டிஎம்டி (ஓடவிட்டு எடுக்கிற இசிஜி) எடுத்தேன், ஓடுபட்டையில் நன்றாகவே ஓடினேன், அந்த நிம்மதி ஐந்து நாள்.

ஆறாவது இசிஜி போன வாரம் மார்த்தாண்டத்தில் எடுத்தது. டாக்டர் சிரித்துக்கொண்டே "உங்க ஹார்ட் என் ஹார்ட்டை விட நல்லா இருக்கு" என்றார். பைக்கில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். சுவாமியார்மடம் வரைக்கும் பாடினேன். அழகியமண்டபம் ஜங்ஷனில் சிக்னலுக்கு நிற்கும்போது ஒரு யோசனை வந்தது: இசிஜி எடுக்கும்போது எனக்கு வலி இல்லையே, வலிக்கும்போது எடுத்திருந்தால்? அவ்வளவுதான். வீடு வந்து சேரும்போது கை நடுங்கியது.

கடையில் வாடிக்கையாளருக்கு வெட்ரிஃபைட் டைல்ஸ் பெட்டிக்கணக்குச் சொல்லும்போதுகூட வலதுகை இரண்டு விரல் இடது மணிக்கட்டில்தான் இருக்கிறது. ஒருத்தர் "என்ன அண்ணாச்சி, கை சுளுக்கிப்போச்சா?" என்று கேட்டார். ஸ்மார்ட் வாட்ச் வாங்கினேன். அதை ராத்திரி பார்க்கிறேன், விடியற்காலம் இரண்டரைக்குப் பார்க்கிறேன். 58 காட்டினால் ஏன் இவ்வளவு குறைவு, 92 காட்டினால் ஏன் இவ்வளவு கூடுதல்.

"மனசுதான்" என்கிறார்கள். சரி, மனசுதான். அதற்கு என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். "யோசிக்காதீங்க" என்று மட்டும் எழுதவேண்டாம், அதை என் அம்மாவே தினமும் சொல்கிறாள்.

ஏத்தங்காய் | 11.56

அண்ணாச்சி, முதல்ல அந்த வாட்சைக் கழற்றிக் கிணற்றில் போடுங்க. மிச்சத்தைக் காலையில் பேசலாம்.

பேச்சிப்பாறை | திங்கள், காலை 6.10

எனக்கு நெஞ்சு இல்லை, முதுகு. நானும் அப்பாவும் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்காரர்கள். 32 வயதில் குனிந்து நிமிரும்போது பிடித்துக்கொண்டது. முதலில் வர்ம வைத்தியம் பார்க்கிற ஆசானிடம் போனேன். "வர்மம் பட்டிருக்கு, எப்பவோ விழுந்திருக்க" என்றார். உடம்பில் 108 வர்ம இடங்கள், அதில் கடும் ஆபத்தான படுவர்மம் 12, அதைவிட லேசான தொடுவர்மம் 96 என்று சொல்லிக்கொடுத்தார். அன்றைக்கு ராத்திரி முழுக்க, எப்போது எங்கே விழுந்தேன் என்று யோசித்தேன். நாலாம் வகுப்பில் கொல்லாமரத்திலிருந்து விழுந்தது வரைக்கும் ஞாபகம் வந்துவிட்டது. தடவினார், எண்ணெய் போட்டார், வலி பாதி குறைந்தது. அத்தோடு விட்டிருந்தால் சரியாகியிருக்கும்.

யாரோ சொன்னார்கள் என்று எம்ஆர்ஐ எடுத்தேன். "டிஸ்க் பல்ஜ்" என்று எழுதியிருந்தது, முதுகெலும்புத் தட்டு பிதுங்கியிருக்கிறதாம். அதன்பிறகு எட்டு மாதம் நான் குனியவே இல்லை. கீழே விழுந்த கத்தியை என் மனைவி எடுத்துக் கொடுப்பாள். பிறகு திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர், வலியே இல்லாத ஆட்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015ல் வந்த கணக்கைச் சொன்னார். முதுகுவலி இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே 100க்கு 37 பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிகிறதாம். 80 வயதில் 96 பேருக்கு. "தலைமுடி நரைக்கிற மாதிரிதான் இது, நரைக்கு யாராவது குனியாம இருப்பாங்களா?" என்று கேட்டார். இப்போது 280 மரத்தில் பால் வெட்டுகிறேன். முதுகு இடைக்கிடை வலிக்கத்தான் செய்கிறது.

நைட் டியூட்டி | திங்கள், பகல் 1.35

நான் நர்ஸ். ஐசியூவில் ஒன்பது வருஷம். ஊர் மார்த்தாண்டம் பக்கம், வேலை வெளியே.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு உறக்கம் வராது. நோய்ப்பயம் இருக்கிறவனுக்கும் ஹார்ட் அட்டாக் வரும். நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி அழுத்தம், கை, தாடை, முதுகுப் பக்கம் பரவுகிற வலி, குப்பென்று வியர்வை, மூச்சுமுட்டல், நடந்தால் கூடி நின்றால் குறைகிற வலி. இப்படி வந்தால் ஃபோரமில் எழுதிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். தக்கலைக்காரர் எழுதியிருக்கிற ஒற்றைக் குத்தலும் ஒரு துடிப்பு விட்டுப்போவதும் வேறு. ஆரோக்கியமான ஆளுக்கு 24 மணி நேரம் ஹோல்டர் (உடம்பிலேயே மாட்டிவிடுகிற சின்ன இசிஜி மெஷின்) மாட்டிப் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு இப்படிச் சில தப்பின துடிப்புகள் இருக்கும். இடது பக்கம் சரிந்து படுத்தால் இதயம் மார்புச் சுவரை ஒட்டிவரும், அதனால் தெரிகிறது. உங்கள் டாக்டர்கள் இதைப் பார்த்துவிட்டார்கள்.

இனி உங்கள் விஷயம். நீங்களே கணக்கு எழுதியிருக்கிறீர்கள்: இரண்டு மாதம், மூன்று வாரம், ஐந்து நாள், அழகியமண்டபம் ஜங்ஷன். கவனித்தீர்களா? டெஸ்ட் கூடக்கூட நிம்மதி குறைகிறது. நூற்றுக்கு நூறு நோய் இல்லை என்று யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்று உங்கள் மனசு கேட்கிறது. எந்த மெஷினும் அப்படித் தராது. அதனால் ஏழாவது இசிஜி எடுத்தால் ஆஸ்பத்திரி கேட் தாண்டுவதற்குள் பயம் திரும்பி வந்துவிடும்.

"முழு உடல் பரிசோதனை"க்குப் போகலாம் என்று யாராவது சொல்வார்கள். லேப் ரிப்போர்ட்டில் நார்மல் அளவு என்று போட்டிருக்கிறதே, அது ஆரோக்கியமான 100 பேரில் 95 பேருக்கு இருக்கும் அளவு. மீதி ஐந்து பேர் ஆரோக்கியமானவர்கள்தான், ஆனால் வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், எல்லாமே நார்மலாக வருவதற்கு வாய்ப்பு 36 சதவீதம்தான். அதாவது, நோயே இல்லாத மூன்று பேரில் இரண்டு பேருக்கு எங்கேயாவது ஒரு இடத்தில் அளவு தப்பி, ரிப்போர்ட்டில் தடித்த எழுத்து விழும். உங்களைப் போன்ற ஆளுக்கு அந்தத் தடித்த எழுத்து ஆறு மாத உறக்கத்தைத் தின்னும்.

எங்கள் பாட்டி இதைத் "தீனப்பேடி" என்பாள், நோய்ப்பயம் என்று அர்த்தம். ஆஸ்பத்திரிப் பெயர் பலமுறை மாறிவிட்டது. பழைய பெயர் ஹைப்போகாண்ட்ரியா, அப்படியென்றால் கிரேக்கத்தில் விலா எலும்பின் குருத்துக்குக் கீழே உள்ள இடம், அங்கேயிருந்துதான் இந்த மனக்கஷ்டம் கிளம்புகிறது என்று நினைத்தார்கள். 2013ல் அமெரிக்க மனநல டாக்டர்கள் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள், கேட்டாலே வசவு மாதிரி ஆகிவிட்டது என்பது ஒரு காரணம். உடம்பில் தொந்தரவு இருந்து அதைப் பற்றியே ஓயாமல் கவலைப்படுவது ஒன்று, பெரிதாகத் தொந்தரவே இல்லாமல் நோய் வந்துவிடும் என்று பயப்படுவது ஒன்று என்று இரண்டாகப் பிரித்தார்கள்.

மருந்து உண்டு. பேச்சுச் சிகிச்சையும் உண்டு. செக் பண்ணத் தோன்றும்போது தள்ளிப்போடப் பழக்குவார்கள், முதலில் ஐந்து நிமிஷம், அப்புறம் அரை மணி நேரம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. போக வெட்கமாக இருந்தால் 14416க்குப் போன் செய்யுங்கள், டெலி மனஸ், 24 மணி நேரமும் காசில்லாமல், தமிழில் பேசுவார்கள்.

தேரேகால்புதூர் | திங்கள், மாலை 4.20

நைட் டியூட்டி அக்கா சொல்வது சரிதான், ஆனால் "மனசுதான்" என்பதை இவ்வளவு லேசாகப் பெண்களிடம் சொல்லாதீர்கள். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை என்று நான் ஒன்றரை வருஷம் அலைந்தேன். "கல்யாணம் ஆகிப் புது வீடு, அதான் டென்ஷன்" என்று ஒரு கிளினிக்கில் சொன்னார்கள். எடை 11 கிலோ குறைந்தது. மாமியார் எனக்கு மந்திரித்துக் கயிறு கட்டினார். கடைசியில் பார்த்தால் தைராய்டு கூடுதலாகச் சுரக்கிறது. ஒரு ரத்த டெஸ்ட்டில் தெரியவேண்டியது.

அப்படி அலைந்தவளிடம் "டெஸ்ட் எடுக்காதே" என்றால் கோபம் வராதா?

நைட் டியூட்டி | 4.52

வரணும். உங்களுக்கு எடுக்கவேண்டிய டெஸ்ட்டை எடுக்கவில்லை, அது தப்பு, அதில் மாற்றுக்கருத்தே இல்லை. தக்கலைக்காரருக்கு எடுக்கவேண்டியதை எல்லாம் எடுத்துவிட்டார்கள், அதையே ஆறு முறை எடுத்தாயிற்று. (தைராய்டு பார்த்தீர்களா தக்கலைக்காரரே? பார்க்காவிட்டால் ஒரே ஒருமுறை பாருங்கள். ஒரே ஒருமுறை.)

தக்கலைக்காரன் | 5.01

பார்த்தாச்சு அக்கா. மூன்று முறை.

ஏத்தங்காய் | 5.02

😂😂 மன்னிக்கணும் அண்ணாச்சி, சிரிப்பு வந்துட்டு.

மணல்காடு | திங்கள், இரவு 9.30

என் ஊர் மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில். உங்களுக்கு நெஞ்சு, எனக்குக் கழுத்து. வலது காதுக்குக் கீழே பட்டாணி அளவு ஒரு நெறிகட்டி. இரண்டு வருஷமாக இருக்கிறது, வளரவில்லை. ஷேவ் செய்யும்போது அமுக்குவேன், பஸ்சில் அமுக்குவேன், பூசையில் முழங்கால் போட்டிருக்கும்போது அமுக்குவேன். பிறகு வலிக்க ஆரம்பித்தது. வலிக்கிறதே என்று டாக்டரிடம் ஓடினேன். "ஒரு நாளைக்கு நாற்பது தடவை அமுக்கினா உங்க முழங்காலும்தான் வலிக்கும்" என்றார்.

ஆனால் எங்கள் பயத்துக்கு ஒரு காரணம் காலுக்குக் கீழேயே கிடக்கிறது. 1909ல் ஒரு ஜெர்மன் ரசாயன நிபுணர், இந்தப் பக்கத்திலிருந்து கப்பலில் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்கிற தாதுவைக் கண்டுபிடித்தார். அதில் தோரியம், கதிர்வீசுகிற உலோகம். அன்றிலிருந்து எங்கள் மணல் விலையுள்ளதாகிவிட்டது, எங்களுக்குப் பயமும் வந்துவிட்டது. ஊரில் யாருக்குக் கட்டி வந்தாலும் "மணல்" என்பார்கள். சின்னப் பிள்ளைகள் கடற்கரையில் விளையாடினால் அம்மாமார் கூப்பிடுவார்கள்.

பேச்சிப்பாறை | 9.44

கேரளாவில் கருநாகப்பள்ளியில் இதே மணலுக்காகப் பெரிய ஆய்வு செய்தார்களே. ஏறக்குறைய 70 ஆயிரம் பேரைச் சராசரி பத்து வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்து 2009ல் வெளியிட்டார்கள். மணலின் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்றுதான் முடிவு.

மணல்காடு | 9.58

அது கருநாகப்பள்ளி. என் ஊரில் வீடுவீடாக அப்படி யாராவது எண்ணிப் பார்த்துச் சொன்னால் நானும் கழுத்திலிருந்து கையை எடுப்பேன். மணல் எடுப்பதை எதிர்க்கிறேன், அதை எதிர்த்துக்கொண்டேதான் இருப்பேன். அது வேறு. என் நெறிகட்டி மணலால் வந்ததா என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஏஐயிடம் கேட்கிறேன் பாருங்கள், அது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவே எனக்கு ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஏஐ எப்போதும் கடைசி வரியில் "மருத்துவரை அணுகவும்" என்று போடும். அதைப் பார்த்ததும், அதற்கு ஏதோ தெரிந்திருக்கிறது, மறைக்கிறது என்று தோன்றும்.

இடைக்கோடு | செவ்வாய், அதிகாலை 2.14

குவைத்திலிருந்து. இங்கே ரூமில் ஆறு பேர். நாலு பேருக்கு இந்த நோய்ப்பயம் இருக்கிறது, யாரும் சொல்லமாட்டார்கள். எங்களுக்கு மெடிக்கல் என்றாலே எக்ஸ்ரே, அன்ஃபிட், ஊருக்கு டிக்கெட். இருமல் வந்தால் தலையணையில் முகத்தை அமுக்கி இருமுவோம். அவ்வளவுதான் சொல்லத் தோன்றுகிறது. டியூட்டிக்கு நேரமாகிறது.

கடியபட்டணம் | செவ்வாய், காலை 10.05

தலைகீழாகவும் உண்டு என்று சொல்லத்தான் வந்தேன். என் அப்பா கட்டுமரத்திலும் வள்ளத்திலும் நாற்பது வருஷம் தொழில் செய்தவர். ஒக்கிப் புயல் அடித்து எங்கள் கரையில் எத்தனையோ வீட்டில் ஆள் வராமல் போனபிறகும், கடல் அடங்கினதும் இறங்கினார். அப்படிப்பட்டவருக்கு அடிவயிற்றில் ஒரு வீக்கம். இரண்டு வருஷம் மறைத்துவைத்தார். சாரத்தை (கைலியை) எப்போதும் உயர்த்திக் கட்டுவார், எங்களுக்குக் காரணம் தெரியாது. ஆசாரிப்பள்ளம் என்றாலே எழுந்து வெளியே போய்விடுவார். அவர் காலத்தில் அது டிபி ஆஸ்பத்திரி, அவருடைய சித்தப்பாவை அங்கே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தது பெட்டியில். வீக்கம் புற்றுநோய்தான் என்று அவரே முடிவு செய்து, எனக்குத் தெரியாமல் வலையையும் இஞ்சினையும் விலை பேசிவிட்டார்.

குடலிறக்கம். ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். இஞ்சினைத் திரும்ப வாங்கத்தான் கூடுதல் காசு ஆயிற்று.

பழைய வாத்தியார் | செவ்வாய், மாலை 6.40

ஓய்வுபெற்ற ஆசிரியன், நெய்யூர்ப் பக்கம். 1838லேயே மிஷன் மருத்துவம் வந்த ஊர் எங்களுடையது. எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல் டாக்டர் 1920களிலிருந்து இங்கே இருந்து வாய்ப்புற்றுக்கு ரேடியம் வைத்தார். வெற்றிலை போட்டு வாய் வெந்து, கன்னம் ஓட்டையாகிற அளவுக்கு வந்தபிறகு வந்த நோயாளிகளைப் பற்றி என் தகப்பனார் சொல்வார். அவர்கள் பயப்படாததால் தாமதமாக வந்தார்கள். என் மருமகள் வாயில் சிறு புண் வந்த மூன்றாம் நாள் பயாப்சி கேட்கிறாள்.

தென்கொரியாவில் தைராய்டை ஸ்கேன் செய்து தேடத் தொடங்கி, 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் பதிவு 15 மடங்கு கூடியது. அதனால் இறந்தவர்கள் எண்ணிக்கை அப்படியே இருந்தது என்று படித்தேன். தேடினால் கிடைக்கிறது, தம்பி.

சுவீடனில் 2023ல் வந்த ஆய்வு ஒன்றும் உண்டு. நோய்ப்பயம் என்று மருத்துவர் உறுதிசெய்த சுமார் 4,100 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், இவர்கள் சராசரியாக ஐந்து வருஷம் முன்னதாகவே இறந்திருக்கிறார்கள். தற்கொலை ஏறக்குறைய நாலு மடங்கு.

ஏத்தங்காய் | 6.43

வாத்தியாரே, இதைப் போய் இந்த இழையில் போட்டீங்களே!

தக்கலைக்காரன் | 6.44

படித்துவிட்டேன். பல்ஸ் 104.

நைட் டியூட்டி | 7.15

வாத்தியார் போட்டது நல்லதுதான். "சும்மா பயம்" என்று சொல்கிற வீட்டுக்காரர்கள் அதைப் படிக்கட்டும். சுவீடனில் அந்தப் பெயர் எழுதப்பட்டவர்கள் சிறப்பு மருத்துவர்வரை போகும் அளவுக்கு முற்றினவர்கள், தக்கலைக்காரரே, அதையும் சேர்த்துப் படியுங்கள். சாகவேண்டும் என்கிற எண்ணம் இதைப் படிக்கிற யாருக்காவது வந்தால் இன்றைக்கே 14416.

தக்கலைக்காரன் | புதன், பகல் 2.20

இது அவர் இல்லை, அவர் மனைவி. அவிய கடையில் இருக்காவ, போனை வீட்டில் விட்டுப் போயிட்டாவ. திறந்து பார்த்தால் இதுதான் இருந்தது. எல்லாம் படித்தேன்.

எங்கள் சமையலறையில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. "எனக்கு முகம் வெளிறியிருக்கா?", "இங்க தொட்டுப் பாரு", "நேத்தைவிடக் கூடுதலா இருக்கா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் அன்றைய தாளில் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். அவருக்குத் தெரியாது. கோபத்தில்தான் ஆரம்பித்தேன், என் அம்மாவிடம் காட்டலாம் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை 23 கோடு. 23 முறையும் "ஒண்ணுமில்ல, நல்லா இருக்கிய" என்று சொல்லியிருக்கிறேன். மீன் கழுவிக்கொண்டே சொல்லியிருக்கிறேன், பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

நர்ஸ் அக்காவிடம் கேட்கிறேன். டெஸ்ட் எடுக்க எடுக்க நிம்மதி குறையும் என்றீர்களே, நான் "ஒண்ணுமில்ல" என்று சொல்வதும் அப்படித்தானா?

நைட் டியூட்டி | புதன், இரவு 8.50

ஆமாம் தங்கச்சி. நீங்கள் வீட்டில் இருக்கிற இசிஜி மெஷின் மாதிரி ஆகிவிட்டீர்கள், அதுவும் காசில்லாத மெஷின். திடீரென்று நிறுத்தினால் அவருக்குத் தாங்காது, உங்கள் இருவருக்கும் சண்டை வரும். அவரோடு உட்கார்ந்து பேசி, இனிமேல் அந்தக் கேள்விக்கு என்ன சொல்வது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். அந்தக் காலண்டர் தாள்களைக் கிழித்துப்போடாமல் கொண்டுபோங்கள்.

தேரேகால்புதூர் | 9.05

இருபத்துமூன்று. என் வீட்டுக்காரர் ஒருமுறைகூட என்னிடம் கேட்டதில்லை, நான் மெலிந்துகொண்டிருந்தபோது. எது மோசம் என்று தெரியவில்லை.

தக்கலைக்காரன் | நாலு வாரம் கழித்து, சனி, இரவு 10.30

நான்தான். இழையை மறந்துவிடவில்லை.

போனேன், இருவருமாகப் போனோம். டாக்டர் என் ஃபைலை ஒதுக்கிவைத்துவிட்டுக் காலண்டர் தாள்களைத்தான் முதலில் பார்த்தார். மாத்திரை ஒன்று தந்திருக்கிறார். வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றார், முதல் வாரம் வயிற்றைப் புரட்டியது, அது வேறு நோயோ என்று அதற்கும் பயந்தேன். பல்ஸ் பார்ப்பது ஒரு நாளைக்கு ஒருமுறை, இரவு ஏழு மணிக்கு, கடை அடைத்தபிறகு. நான் கேள்வி கேட்டால் அவள் "இதுக்கு இப்ப பதில் கிடையாது, சாயா போடட்டா?" என்பாள். முதல் நாலு நாளில் ஏகப்பட்ட சாயா குடித்தேன். இந்த வாரம் கோடு எண்ணிக்கை ஆறு, ஏழு, நாலு. நேற்று மறுபடி பதினொன்று, ஒரு தெரிந்தவர் சாவுக்குப் போய்வந்தேன்.

டாக்டர் அத்தானைப் பற்றிக் கேட்டார். இஞ்சிச்சாறு விஷயத்தை அவரிடம்தான் முதலில் வாய்விட்டுச் சொன்னேன் (உங்களிடம் எழுதியதைத் தவிர). அக்காவிடம் சொல்லியிருக்கிறீர்களா என்றார். இல்லை. போன ஞாயிறு போய்ச் சொன்னேன். அவள் வாசலில் ஷீட் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "என்கிட்டயும் சொன்னாவ. நானும் இஞ்சிதான் தட்டிக் குடுத்தேன்" என்றாள். இருவரும் மீதி ஷீட்டை அடுக்கி முடித்தோம்.

ஏத்தங்காய் | 10.34

வாட்ச் கிணற்றில் போட்டாச்சா அண்ணாச்சி?

தக்கலைக்காரன் | 10.41

இல்லடே, அக்கா மகனுக்குக் கொடுத்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போய்வர எத்தனை அடி என்று எண்ணிக்கொண்டு திரிகிறான்.